காக்கிக்கு நாலு விரல்

எவரார்ட் அன்ட்ராடோ
அபர்டீனில் பதினொரு வருசம் கோப்பை கழுவித்
திரும்பி வந்த பெட்டியில்
எட்டு யார்ப் பாவாடை ஒன்று கிடந்தது.
பாவாடை என்றால் கோபம் வரும்.
"கில்ட் கா, கில்ட்."
பச்சையும் கருநீலமும் கட்டம் போட்ட கம்பளி.
பின்னால் இருபத்தேழு மடிப்பு.
எண்ணி முடிப்பதற்குள்
கோட்டைமுனையில் கரண்ட் இரண்டு தரம் நின்றது.

அதன்மேல் போட ஒரு கோட்டு.
காத்தான்குடியில் பேல் உடைத்த அன்று
ஆயிரத்து இருநூறுக்கு எடுத்தாராம்.
எந்த நாட்டுப் பட்டாளத்தானோ
எண்பது வருசத்துக்கு முன் போட்டது.
உள்கழுத்தில் மையால் ஓர் இலக்கம்,
கடைசி இரண்டு எண்ணும் வியர்வையில் போய்விட்டன.

இலைகுழை அச்சடித்த துணியென்றால்
தொட்டிருக்கவே மாட்டேன்,
வைத்திருந்தாலே உள்ளே போடுவார்கள்.
இது வெறும் காக்கி.
என்றாலும் மேசையில் விரித்ததும்
கதவை ஒருக்களித்துச் சாத்தினேன்.
ஏனென்று அவரும் கேட்கவில்லை.

"மறுகா?" என்றேன்.
"சனிக்கிழமை தங்கச்சிட மகளுக்குக் கலியாணம்."

கில்டுக்கு நீளக் கோட்டு ஆகாது.
இறங்கினால் மடிப்பின் மேல் ஏறி நின்று
தாராவின் பின்பக்கம் மாதிரித் துருத்தும்.
இடுப்புக்குக் கீழே நாலு விரல், அவ்வளவுதான்.
முன்முனை இரண்டும் வட்டமாய் விலக வேண்டும்,
அங்கே ஒரு தோல்பை தொங்குமாம், அதற்கு இடம்.
போனில் படம் காட்டிக் காட்டிச் சொன்னார்.
சோக்கால் கோடு இழுத்தேன்.
கீழ்ப்பைகள் இரண்டும்
கோட்டுக்கு அங்கால போயின.

ஒரு பைக்குள்
கடிதமில்லை, படமில்லை,
ஒரு சுவிங்கம்.
பாதி மென்று, தாளில் சுற்றி,
பிறகு பார்ப்போம் என்று வைத்தது.
கல்லாய்க் கிடந்தது.

கத்தரி இறங்கவில்லை.
கம்பளி தடிப்பு என்று அவரிடம் சொன்னேன்.
எங்கள் வாசலில் இருந்து ஜீப் வரை
பதினாலு எட்டு.
தொண்ணூறில் என் அண்ணன்
அதில் பன்னிரண்டுதான் நடந்தான்.
அளவு எனக்கு மறக்காது,
தொழில் அப்படி.

பிறகு வெட்டினேன்.
வெட்டி விழுந்த காக்கியை
நாலாய் மடித்து ஓரம் அடித்தேன்.
இப்போது அதைப் பிடித்துத்தான்
சோற்றுப்பானை இறக்குகிறேன்.
சுடுவதில்லை.

சனிக்கிழமை
கார் இருக்க, நடந்தே போனார் மனிசன்.
கல்லடிப் பாலத்தில் சோளகம்.
மோட்டார் சைக்கிளில் போன பெடியன்கள் திரும்பி
"அங்கிள், உள்ளுக்கு என்ன?" என்றார்கள்.
"காத்து" என்றார்.

சாரத்தை மடித்துக் கட்டிய ஆம்பிளை
இந்த ஊரில்
ஃபாதரைக் கண்டால் இறக்கிவிடுவான்.
போடியாரைக் கண்டால் இறக்கிவிடுவான்.
சென்றியைக் கண்டால்
நூறு யாருக்கு முன்னமே இறக்கிவிட்டு
சைக்கிளையும் உருட்டுவான்.
அந்தக் காவல் கொட்டில் கழற்றிப் பல வருசம்.
அதே மூலையில் அன்றைக்கு
ஒரு பொலிஸ்காரப் பொடியன்,
வெயிலுக்குத் தொப்பியால் விசிறியபடி.

நான் பின்னால் குடையோடு வந்தேன், கண்டேன்:
எவரார்டின் வலக்கை
தன்பாட்டில் இடுப்புக்குப் போனது.
விரல்கள் மடிப்பைத் தேடின.
மடிப்பு இருபத்தேழு இருந்தது,
அவிழ்த்துவிட ஒன்றுமில்லை.
முழங்கால் இரண்டும் வெளியே,
பித்தளைப் பொத்தான் எல்லாம் பூட்டி,
வெயிலில் கொஞ்ச நேரம் நின்றார்.

பொடியன் முழங்காலைப் பார்த்தான்.
பொத்தானைப் பார்த்தான்.
"கலியாணமா, மாத்தயா?"
அரைத் தமிழில் கேட்டுவிட்டு
தொப்பியைத் தலையில் வைத்தான்.

அவர் என்ன சொன்னார் என்று
காற்றில் கேட்கவில்லை.
நடக்கத் தொடங்கினார்.
நான் பார்த்தது என் தையலை.
துருத்தவில்லை.